இரும்பு தேடியவனின் இறுகிய தோள்

முதலில் வலித்தது தோள் அல்ல. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு இருக்குமே, அந்த இடம். எண்ணூர்க் கடற்கரையில் காலை வேலை முடிந்து கஞ்சி குடிக்க உட்கார்ந்தேன். காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றக் கையைத் தூக்கியபோது அந்த இடத்தில் சுருக்கென்றது. வலது கை கன்னம் வரை வந்து நின்றுவிட்டது. இடது கையால் கழற்றினேன். ஏதோ பிடிப்பு, போய்விடும் என்று நினைத்துக்கொண்டு கஞ்சியைக் குடித்தேன்.

என் வேலையைச் செய்கிறவர் இந்தப் பட்டணத்தில் இன்னொருவர் இருப்பாரா என்பதே சந்தேகம். ஆனால் நாள் முழுக்கக் கையை நீட்டிப் பிடித்துப் பிழைக்கிறவர்கள் ஏராளம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர், கப்பலுக்கு வண்ணம் பூசுகிறவர், கரும்பலகையில் எழுதுகிற வாத்தியார் எல்லோரும் அந்தக் கூட்டம்தான். அவர்களில் யாருக்காவது மேல்கையில் அந்த முதல் சுருக் வந்திருந்தால், இது அவர்களுக்காக எழுதியது. நான் வைத்தியன் இல்லை. பட்டதைச் சொல்கிறேன்.

யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்தேன். பர்மா எல்லையில் மண்ணுக்குள் புதைத்த கண்ணிவெடிகளைத் தேடும் கூட்டத்தில் என்னைச் சேர்த்தார்கள். கருவி என்பது துண்டுகளாகப் பூட்டிக்கொள்ளும் ஒரு நீண்ட கழி. கழியின் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு வட்டம். முதுகில் பாட்டரிப் பெட்டி. காதில் ஓயாத ரீங்காரம். தட்டுக்குக் கீழே இரும்போ பித்தளையோ வந்தால் ரீங்காரத்தின் சுருதி மாறும். அந்த மாற்றத்தைக் கேட்டுத்தான் நாங்கள் உயிர் பிழைத்தோம்.

சண்டை முடிந்து திருவொற்றியூருக்குத் திரும்பினேன். அங்கே கற்ற வித்தைக்கு இங்கே என்ன வேலை இருக்கப்போகிறது என்று சும்மா இருந்தேன். ராயபுரத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் சவரிமுத்து அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பட்டாளம் ஏலம் விட்ட சாமான்களோடு சாமானாக இந்தக் கருவி ஒன்றையும் வாங்கிப்போட்டிருந்தார். வாங்கிய பிறகுதான் அது என்ன என்று விசாரித்தார். விசாரித்துக்கொண்டே என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

எண்ணூரிலிருந்து தெற்கே வரும் கடற்கரையில் யுத்தத்தின்போது பட்டாளம் கூடாரம் போட்டுப் பயிற்சி செய்திருந்தது. அவர்கள் போன பிறகும் இரும்பு முளைகள், முள்கம்பி, துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் எல்லாம் மணலுக்கடியில் கிடந்தன. அவற்றைத் தோண்டி எடுக்க அண்ணாச்சி உரிமை வாங்கியிருந்தார். நான் முன்னால் தட்டை வலமும் இடமும் வீசிக்கொண்டு நடப்பேன். சத்தம் மாறும் இடத்தில் குச்சி நடுவேன். பின்னால் நெட்டுக்குப்பத்து ஆட்கள் இருவர் தோண்டிக்கொண்டு வருவார்கள். சந்தேகமான சத்தம் என்றால் சிவப்புத் துணி கட்டிவிட்டு விலகிவிடுவோம். விடிந்ததிலிருந்து மணல் காலைச் சுடும் வரை வேலை. அந்தக் கழி ஒன்றும் கனமில்லை என்று முதல் அரை மணி நேரம் யாரும் சொல்வார்கள்.

வலி வந்த விதம்தான் என்னை ஏமாற்றியது. வீசும்போது வலிக்காது. வீட்டுக்கு வந்து ஓய்ந்து உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளும். வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் போயிற்று. வேலை செய்தால் வலியில்லை, ஓய்ந்தால் வலி என்றால் எந்த முட்டாளும் என்ன முடிவுக்கு வருவான்? நானும் அந்த முடிவுக்குத்தான் வந்தேன். கூடுதலாக உழைத்தேன்.

கண்டுபிடித்தவள் என் மனைவி தனம்.

"இன்னாயா, ஒரு சொக்கா மாட்ட இவ்ளோ நேரம்? மாப்பிள்ள ஊர்கோலமா போற?"

"கை கொஞ்சம் புடிச்சிகினு கீது."

"கொஞ்சமா? மூஞ்சப் பாத்தா கொஞ்சமாத் தெர்லியே."

கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தேய்த்துவிட்டாள். தேய்க்கும்போது சுகமாக இருந்தது. ஒரு நாள் கடற்கரையில் கழி கையை விட்டு நழுவி, தட்டு ஒரு கல்லின் மேல் விழுந்தது. தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பர்மாவில் அது இப்படி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மறுநாளே தனம் என்னைப் புளியந்தோப்புக்குக் கூட்டிப் போனாள்.

அது அவள் பிறந்த இடம். அங்கே எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒரு பெரியவர் இருந்தார். தனத்தின் தம்பி வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது, அவர் போட்ட கட்டால்தான் கால் கூடியது. இன்றைக்கு அவன் ஓடுகிறான். அதனால் அந்த வீட்டில் கை, கால் என்று எது வலித்தாலும் கட்டுதான். எங்கள் பக்கத்துத் தெருக்களில் எல்லோருக்கும் இதே பழக்கம். முறிந்ததற்கும் கட்டு, வீங்கியதற்கும் கட்டு, காரணம் தெரியாததற்கும் கட்டு.

உளுத்தமாவும் முட்டையின் வெள்ளைக்கருவும் குழைத்து, துணியில் தடவி, மூங்கில் பத்தை வைத்து, கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். கட்டியதும் வலி அடங்கியது. வெகுநாளைக்குப் பிறகு தூங்கினேன். கட்டைப் பிரிக்கும் நாள் வந்தபோது அந்தப் பெரியவர், "போதும்பா, இனிமே கைய ஆட்டு" என்றார். நான்தான் விடவில்லை. இவ்வளவு சுகம் கொடுத்த கட்டை ஏன் விட வேண்டும் என்று கேட்டு இன்னொரு கட்டுப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு இன்னொன்று.

கடைசிக் கட்டைப் பிரித்த அன்று வெந்நீரில் கையைக் கழுவினேன். வலி இல்லை. மனசு நிறைந்து, சட்டையை ஆணியில் மாட்டப் போனேன். கை மார்பு உயரத்துக்கு வந்து நின்றது. அதற்கு மேல் நான் தூக்கத் தூக்க, கை வரவில்லை, தோள்பட்டைதான் காதை நோக்கி ஏறியது. தனம் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

"தூக்குய்யா."

"தூக்கினுதான் கீறேன்."

அவள் சிரிப்பு நின்றது. என் கையைப் பிடித்து அவளே தூக்கிப் பார்த்தாள். ஏதோ ஒன்று உள்ளே முட்டியது. கதவுக்குப் பின்னால் மூட்டையை வைத்துவிட்டுத் திறக்கப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. வலிக்குப் பயப்படவில்லை. என் வலது கை இனி அவ்வளவுதானோ என்று பயந்தேன்.

அண்ணாச்சி பார்க்க வந்தார். ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். கருவி எங்கள் வீட்டில்தான் இருந்தது. பேசிக்கொண்டிருந்தவர் அதை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டார். காதில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் இறங்கினார். தட்டைக் காலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஆட்டினார்.

"ஏ ஏகாம்பரம், ஒன் கொல்லையில பொதையல்லா கெடக்கு!"

இரண்டு அடி தள்ளிப் போனார். "இங்கயும் கெடக்குவே!" கிணற்றுப் பக்கம் போனார். அங்கேயும் கிடந்தது.

"அண்ணாச்சி, இடுப்புல கீற சாவிக்கொத்த கழட்டிட்டுப் பாருங்க" என்றாள் தனம்.

அவர் வேட்டிக் கட்டில் ஒரு கொத்துச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. கிடங்குச் சாவி, பெட்டிச் சாவி எல்லாம் அதில்தான். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்து அவர் கருவியை இறக்கிவைத்தார்.

"எனக்கு இது தோதுப்படாது. பெரம்பூர்ல ஒருத்தன் இருக்கானாம், பட்டாளத்துல இதே சோலி பாத்தவன். மழைக்காலம் கழியட்டும், நான் பொறுத்துக்கிடுதேன். அதுக்குள்ள ஒன் கை வரலைன்னா நான் என்னவே செய்ய?"

தப்பாகச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் கடல் ஏறி அடிக்கும், எப்படியும் வேலை நடக்காது. அதுவரை காத்திருக்கிறேன் என்று சொல்ல அவர் கடமைப்பட்டவரும் இல்லை. அவர் போன பிறகு தனம் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். நான் அதைத் தொடவில்லை.

அடுத்த வாரம் தனம் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். தாழ்வாரத்தில் மரப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என்னைத் தவிர எல்லோரிடமும் காட்டுவதற்கு ஏதோ இருந்தது. ஒருவருக்குக் காலில் மாவுக்கட்டு, ஒருவருக்கு நெற்றியில் பஞ்சு. துறைமுகத்தில் மூட்டை சரிந்து விரல்களை இழந்த ஒருவர் என்னிடம், "உனக்கு இன்னாபா?" என்று கேட்டார். கை தூக்க வரவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சும்மா காட்ட வந்தேன் என்றேன்.

எலும்புப் பிரிவு டாக்டர் நடுவயதுக்காரர். அதிகம் பேசாதவர். எக்ஸ்ரே படத்தை (உடலுக்குள் இருக்கும் எலும்பைக் காட்டும் நிழற்படம்) ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்புல ஒண்ணுமில்லப்பா."

நான் கும்பிட்டேன்.

"அவசரப்பட்டு சந்தோஷப்படாதே. முறிஞ்சிருந்தா இதைவிட சீக்கிரம் சரியாப் போயிருக்கும்."

பிறகு விளக்கினார். தோள் மூட்டைச் சுற்றி மூட்டுறை (மூட்டை மூடியிருக்கும் மெல்லிய சவ்வுப் பை) ஒன்று இருக்கிறது. கை எல்லாப் பக்கமும் சுழல வேண்டும் என்பதால் அது தளர்வாக இருக்கும். கையை நீட்டியபடியே ஓயாமல் உழைத்ததில் என் தோளின் தசைநாண்கள் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்கள்) தேய்ந்து, அங்கே அழற்சி (சூடும் வலியும் வீக்கமும்) வந்திருக்கிறது. அந்த நிலையில் கையை வாரக்கணக்கில் அசையாமல் கட்டிவைத்ததும் மூட்டுறை சுருங்கி ஒட்டிக்கொண்டது. இதற்கு உறைதோள் (மூட்டுறை இறுகித் தோள் அசைவு நின்றுபோவது) என்று பெயர். முதலில் வலிக்கும், பிறகு இறுகும், பிறகு மெல்ல இளகும் என்றார்.

"எவ்ளோ நாளாவும் டாக்டரே?" என்று தனம் கேட்டாள்.

"ஒரு வருஷமும் ஆகலாம், ரெண்டும் ஆகலாம்."

"மய போற வரைக்கும்தான் அண்ணாச்சி டயம் குட்த்துகிறாரு."

"தோளுக்கு அண்ணாச்சியைத் தெரியாதே அம்மா."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. வருஷக்கணக்கை இவ்வளவு சுலபமாகச் சொல்கிறாரே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

சிகிச்சை தொடங்கியது. ஆஸ்பத்திரியில் சிவப்பு விளக்கொன்றை (ஆழமாகச் சூடு பரப்பும் மின்விளக்கு) தோளுக்கு நேராக வைப்பார்கள். வீட்டில் தவிட்டை வறுத்து ஒத்தடம். அது முடிந்ததும் பயிற்சி. இடது கையை மேசையில் ஊன்றி, முன்னால் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல ஆட்ட வேண்டும். அதில் சிரமமில்லை. அடுத்தது சுவர். சுவருக்கு முன் நின்று விரல்களாலேயே மேலே ஏறிப் போக வேண்டும். விரல் எட்டிய இடத்தில் தனம் கரித்துண்டால் கோடு போடுவாள். அதைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு நாளும் நான் அந்தக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றேன்.

மனிதன் நோயில் பொறுமைசாலி ஆகிறான் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. நான் முன்னைவிட மோசமானேன். மழை பிடித்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியே போக முடியவில்லை. சோற்றைப் பிசைய முடியும், ஆனால் தலை சீவ முடியாது. முதுகு தேய்க்கத் தனம், சட்டை மாட்டத் தனம். அவள் கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டால் கத்துவேன். ஒரு நாள் அவள் கரித்துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, "உன் கையோட பேஜாரு தாங்கல. உன் வாயோட பேஜாரு அத்தவிட ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு மழையிலேயே வெளியே போய் நின்றாள். நான் தனியாகச் சுவர் ஏறினேன். எந்தக் கோட்டையும் தாண்டவில்லை.

மழை ஓயும் நேரம் வந்தது. கை கொஞ்சமும் நகரவில்லை. டாக்டர் வேறு வழி ஒன்று சொன்னார். மயக்க மருந்து கொடுத்துவிட்டு, நான் உணராதபோது கையை அவரே வலிந்து மேலே தூக்கி, ஒட்டிக்கொண்ட உறையைப் பிரித்துவிடுவது. இதில் ஆபத்து உண்டு, சில சமயம் எலும்பே முறிந்துபோகும் என்றும் மறைக்காமல் சொன்னார்.

தனம் வேண்டாம் என்றாள். நான் செய்யட்டும் என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை. பெரம்பூர்க்காரனை நினைத்துச் சொன்னேன்.

என்னைப் பொறுத்தவரை அது ஒன்றுமேயில்லை. மூக்கில் வைத்த துணியில் இனிப்பும் காரமுமாக ஒரு வாடை அடித்தது. அடுத்து நினைவு வந்தபோது வாந்தி. கை தோளிலிருந்து விரல் வரை நெருப்பாக எரிந்தது. ஆனால் யாரோ அதைத் தலைக்கு மேலே தூக்கிக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தார்கள். அவ்வளவு உயரத்தில் என் கையைப் பார்த்து நான் அழுதேன்.

கதவுக்கு வெளியே நின்றவள் தனம். உறை பிரியும் சத்தம் அவளுக்குத்தான் கேட்டது. காய்ந்த தென்னமட்டையை முறிக்கிற மாதிரி இருந்தது என்று பல மாதங்கள் கழித்துத்தான் சொன்னாள். எலும்புதான் முறிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். நான் கண் விழிக்கும் வரை அந்த நினைப்போடுதான் நின்றிருக்கிறாள். நோயாளி படுகிற பாட்டைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை, அவள் கேட்டாள் என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

"இன்னைக்கு அசைக்கலைன்னா நாளைக்கு மறுபடியும் ஒட்டிக்கும்" என்றார் டாக்டர். அழுதுகொண்டே அசைத்தேன். அந்த வாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "பட்டாளத்துல இதே வேலைதானே செஞ்சே? அப்போ ஏன் வலிக்கலை?"

அப்போது இளவயது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மூலையில் தரை துடைக்கும் கழி ஒன்று சாய்ந்திருந்தது. அதை எடுத்துக் கொடுத்து, எப்படி வேலை செய்வாய், காட்டு என்றார். இடது கையில் பிடித்து, முழுதாக முன்னால் நீட்டி, வலமும் இடமும் வீசிக் காட்டினேன்.

"அவ்வளவு தூரம் ஏன் நீட்டறே?"

"கிட்ட புடிச்சா கூவும் சார்."

"எது கூவும்?"

சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினேன். வெள்ளி அரைஞாண்.

பட்டாளத்தில் இருந்தபோது அந்த வெள்ளி என் இடுப்பில் கிடையாது. மலேரியாக் காய்ச்சலோடு நான் திரும்பி வந்து பிழைப்பேனா என்று கிடந்தபோது, தனம் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். எழுந்து உட்கார்ந்ததும் தன் கையாலேயே வெள்ளியைப் பூட்டினாள். பிறகு அண்ணாச்சியிடம் சேர்ந்து கருவியைப் பிடித்தால், கழியை உடம்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்தவுடன் காதில் சத்தம் மாறியது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் அடங்கியது. அதனால் கழியை முழு நீளத்துக்குப் பூட்டி, கையை எட்டும் மட்டும் நீட்டி வேலை செய்யப் பழகிக்கொண்டேன். அண்ணாச்சியின் சாவிக்கொத்தைப் பார்த்துச் சிரித்தவன், என் இடுப்பில் இருந்ததைக் கழற்றலாம் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. ஆண்பிள்ளை இடுப்பு வெறுமனே இருக்கக் கூடாது. பிணத்துக்குத்தான் அரைஞாணை அறுப்பார்கள். எங்களில் யாரிடமும் போய்க் கழற்று என்று சொல்லிப் பாருங்கள்.

"கழற்றிடேன்" என்றார் டாக்டர்.

"அத்த மட்டும் சொல்லாதீங்க டாக்டரே" என்றாள் தனம். சொல்லிவிட்டு அவள் முகம் மாறியது. "நான் போட்டதா இவரு கைய நாஸ்தி பண்ணிச்சு?"

"நீ போட்டது இல்லம்மா. இவர் நீட்டினதுதான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் சற்று யோசித்தார். தன் கால்சட்டை வாரின் மேலே விரலால் தட்டிக் காட்டினார். "நானும்தான் கட்டியிருக்கேன். எங்கம்மா கட்டினது. கறுப்புக் கயிறு. கயிறு கூவுமாப்பா?"

கூவாது. தெருவில் பாதிப் பேர் இடுப்பில் கயிறுதான் கட்டியிருக்கிறார்கள். அது எனக்கும் தெரியும், தனத்துக்கும் தெரியும். வேண்டுதல் வெள்ளி என்பதால் எங்கள் இருவருக்கும் புத்தி அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் கயிற்றைக் கட்டினாள். முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் வெள்ளியைக் கழற்றினாள். ஒரு நொடிகூட இடுப்பு வெறுமனே இருக்கவில்லை. வெள்ளியைக் கொண்டுபோய் அம்மன் உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். கோயிலில் ஏதாவது கேட்டாயா என்று கேட்டேன். "இன்னாத்த கேக்கறது, சண்ட போட்டுட்டு வந்தேன்" என்றாள்.

கடல் அடங்கிய பிறகு வேலைக்குப் போனேன். பெரம்பூர்க்காரர் ஒரு நாள் வந்து வீசிப் பார்த்துவிட்டு, மறுநாள் தோள் வலி என்று நின்றுவிட்டாராம். அண்ணாச்சி அதை என்னிடம் சொல்லும்போது என் தோளைத் தொட்டுப் பார்த்தார். ஆட்டின் தொடையைப் பார்க்கிற மாதிரி அழுத்திப் பார்த்தார். "நெதானமா செய். அர நாள் போதும்" என்றார்.

இப்போது நான் வேலை செய்யும் விதம் வேறு. கழியைக் குட்டையாகப் பூட்டிக்கொள்கிறேன். முழங்கை விலாவை விட்டு விலகுவதில்லை. படுக்கைச் சுருளைக் கட்டும் பழைய துணி வார் ஒன்றைக் கழியில் கட்டி, எதிர்த் தோள் வழியாகக் குறுக்கே மாட்டியிருக்கிறேன். கனத்தை அந்த வார் தாங்குகிறது, கை வழிகாட்ட மட்டும்தான். வீச்சு கையிலிருந்து வருவதில்லை. இடுப்பைத் திருப்பினால் தட்டு தானாகத் திரும்புகிறது. அகலமாக வீசும் ஆசையை விட்டுவிட்டேன். குறுகலாக வீசி, கூடுதலாக நடக்கிறேன். வலது கை களைப்பதற்கு முன்பே இடது கைக்கு மாற்றிக்கொள்கிறேன். களைத்த பிறகு மாற்றினால் பிரயோஜனமில்லை. தோண்டுகிறவர்கள் ஓய்வெடுக்கும்போதெல்லாம் நானும் பெட்டியை இறக்கிவிட்டுக் கையைத் தொங்கவிட்டு ஆட்டுகிறேன். முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் இப்போது தானும் ஆட்டுகிறார்.

இதைப் படிக்கிறவருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஓய்ந்திருக்கும்போது வலிக்கிற கையைக் கட்டிவைக்காதீர்கள். முறிந்த கைக்குக் கட்டுப் போடுகிறவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கை முறியவில்லை. அதுதான் வித்தியாசம்.

முழுதும் குணமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். கை காதைத் தாண்டிக் கொஞ்சம் போகிறது. உச்சந்தலையைத் தொடுகிறது. முதுகின் நடுவை இன்னும் தொட முடியவில்லை. ரயிலில் மேல் கம்பியை இடது கையால் பிடிக்கிறேன். முன்பெல்லாம் எனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது. எண்ணூர் மணலில் நடக்கும்போது காதும் தட்டும் மட்டும்தான் நான். இப்போது எதை எடுக்கப் போனாலும் முதலில் தோளிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். சில நாள் அது சரி என்கிறது. சில நாள் மறுக்கிறது. மறுத்தால் விட்டுவிடுகிறேன். அவசரம் என்பது அதற்குப் புரிவதில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் என் கையைச் சுழற்றிப் பார்த்து, இனி வர வேண்டியதில்லை என்றார். நான் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டு, "ஏகாம்பரம், இந்த நோய் ஒரு தோள்ல வந்தா சில வருஷம் கழிச்சு மறு தோளுக்கும் வர்றது உண்டு. தெரிஞ்சு வெச்சுக்கோ" என்றார். சரிங்க சார் என்றேன். அன்றைக்கு எனக்கிருந்த மகிழ்ச்சியில் அது காதில் சரியாக விழக்கூட இல்லை.

போன மாதம் குளித்துவிட்டுத் துண்டை உதறியபோது இடது மேல்கையில், அந்தப் பக்கத்து அம்மை குத்திய தழும்புக்குக் கீழே, சுருக்கென்றது. ஒரு வாரம் தனத்திடம் சொல்லாமல் இருந்தேன். பிறகு சொன்னேன். அவள் எழுந்தாள். அடுப்படிக்குப் போனாள். பரண் மேல் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, என் இடுப்பு உயரத்தில் அடுக்கினாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. போன தடவை என்ன நடக்கிறது என்று தெரியாமல் பயந்தேன். இந்தத் தடவை தெரிந்து பயப்படுகிறேன். முதலில் வலிக்கும், பிறகு இறுகும், பிறகு இளகும். வருஷக்கணக்கு. இனிவரும் இரண்டு பொங்கலும் எப்படி இருக்கும் என்று இப்போதே எனக்குத் தெரிகிறது. வேறு எந்தக் காலத்தையும் நான் இவ்வளவு முன்கூட்டி அறிந்ததில்லை.

வலது கையால் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எழுந்து, அதே வலது கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, இடது கையைத் தொங்கவிட்டு ஆட்டுகிறேன். இன்றைக்கு அது எல்லாப் பக்கமும் போகிறது.